நீராகாரத்தில் நெளிந்த பூச்சி

"வயித்துல நல்ல கிருமிக கொறஞ்சுபோச்சுண்ணே. நீராகாரம் குடிங்க, அதுல அதுக உசுரோட இருக்கு, அந்தப் புளிப்பே அதுக செய்யுறதுதான்" என்றார் கோரிப்பாளையம் டாக்டர்.

மறுநாள் சட்டியைத் திறந்தேன். அந்தப் புளித்த வாசத்தில் எனக்கு ஏழு வயதாகி, அவனியாபுரம் வீட்டு அடுப்படியில் செல்வி அக்காவோடு உட்கார்ந்திருந்தேன்.

"குடிக்காதடா! உள்ள பூச்சி உசுரோட நெளியுது. வயித்துக்குள்ள குடும்பம் நடத்தும்."

நான் அலறி ஓடினேன். அவள் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சட்டியைக் காலி செய்தாள். அவளை நம்பி நாற்பது வருடம் நீராகாரத்தைத் தொடாமல் வயிற்றுவலி மாத்திரையாக விழுங்கியிருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை அக்காவிடம் போனில் சொல்லிக் கேட்டேன். "ஏன்க்கா ஏமாத்துன?"

"உசுரோட இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல? அன்னைக்குச் சட்டியில இருந்தது ரெண்டு பேருக்குப் பத்தலடா. எனக்குக் கொஞ்சம் வையி, வாரேன்."

அவள் வருவதற்குள் சட்டியை வாயில் கவிழ்த்துக்கொண்டேன்.