மூன்று எட்டும் இரண்டு ராஜாவும்

என் கணவர்மேல் எனக்கு அடிக்கடி கோபம் வரும். குக்கர் விசிலை எண்ணாமல் விட்டதற்கு, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு. அதெல்லாம் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். எட்டு மாதமாக ஆறாத கோபம் ஒன்றுதான். அவர் எனக்கு நல்லது செய்தார் என்பதற்காக வந்த கோபம் அது. யாரிடம் சொன்னாலும் இதற்கா என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையின் மாடியில் போக்கர் ஆடுவோம். கடைக்காரர் என் கணவரோடு பள்ளியில் படித்தவர், திருநெல்வேலிக் குடும்பம். கீழே வத்தல் மிளகாய் மூட்டைகள். ஆட்டம் முடிவதற்குள் ஆளுக்குப் பத்துத் தும்மலாவது தும்மிவிடுவோம். மூன்றாவது ஆள் அந்தக் கடையின் ஆடிட்டர், கிழக்கேகோட்டை அக்ரகாரத்துக்காரர். பிறகு என் கணவர், நான். ஐந்நூறு ரூபாயோடு உட்காரலாம். தீர்ந்தால் இன்னொரு ஐந்நூறு, அதற்குமேல் கிடையாது. ஆறரைக்கு ஆட்டம் முடியும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. இரண்டையும் சேர்த்து யாரிடம் நல்ல ஐந்து சீட்டு இருக்கிறதோ அவருக்குப் பணம். இடையிடையே பந்தயம் கட்டுவார்கள். ஈடுகொடுத்துக் கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு விலகலாம். கவிழ்த்த சீட்டை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது.

நான் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவள். அடுத்தவர் செய்ததில் தப்பு எங்கே என்று தேடுவதுதான் என் பிழைப்பு. இந்த ஆட்டத்தையும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். சிநேகிதர்களிடம் பொய்ப் பந்தயம் எடுபடாது. வாரம் முழுக்கக் காத்திருந்து வந்தவர்கள், சீட்டைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க மாட்டார்கள், கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கட்டுவார்கள். ஆகவே மோசமான சீட்டை உடனே போட்டுவிட வேண்டும், நல்ல சீட்டு வந்தால் கூசாமல் பெரிதாகக் கட்ட வேண்டும். கண்மண் தெரியாமல் கட்டுகிறவர் கடைக்காரர். அவருக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தால் அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நான் முடிவெடுக்கலாம். ஆடிட்டர் நல்ல சீட்டு வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். என் கணவர் கண்ணாடியைத் துடைப்பார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கணவரின் பக்கத்தில் கூடுதலாக ஒரு வரி: 'பெரிய பந்தயத்துக்குப் பயப்படுவார்.' அதை எழுதிய நாளில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒன்றரை வருஷத்தில் அந்த மேஜையில் அதிகம் ஜெயித்தது நான்தான். பணம் பெரிதில்லை. அலுவலகத்தில் என் யோசனையை வேறொருவர் சொன்னால்தான் கேட்பார்கள். இங்கே என் மூளைக்கு நேரடியாக விலை கிடைத்தது. அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பேன்.

அன்றைக்கு எனக்கு ஒரு ஏஸும் ஒரு ராஜாவும் வந்தன. நடுவில் ராஜா, எட்டு, மூன்று. பிறகு இன்னொரு ராஜா. என்னிடம் மூன்று ராஜா. மற்ற இருவரும் முன்பே விலகிவிட்டார்கள், கணவர் மட்டும் விடாமல் கட்டிக்கொண்டு வந்தார். ஐந்தாவது சீட்டு ஒன்பது. அவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் அறுநூறு ரூபாய் கட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லேசாகச் சிரித்துவிட்டுக் கவிழ்த்துப் போட்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த ஆட்டத்துக்குக் கலைத்துப்போடச் சீட்டுகளை அள்ளிய கடைக்காரர், எங்கள் விதியை மீறி, கணவர் போட்ட இரண்டையும் திருப்பினார். இரண்டும் எட்டு. நடுவில் இருந்ததோடு சேர்த்தால் மூன்று எட்டு, இரண்டு ராஜா. ஃபுல் ஹவுஸ். என் மூன்று ராஜாவைவிடப் பெரியது. வருவதே அபூர்வம், வந்தால் உலகத்தில் யாரும் கவிழ்க்க மாட்டார்கள்.

கல்யாணமான புதிதில் ஓணம் லீவுக்கு அவர் வீட்டில் அம்பத்தாறு என்ற சீட்டாட்டம் ஆடுவோம். அதில் எதிரே உட்காருகிறவர் கூட்டாளி, அவர் சீட்டை வெட்டக் கூடாது. நான் எப்போதும் அவருக்கு எதிரேதான் உட்காருவேன். அந்தப் பழக்கம் அவருக்குப் போகவே இல்லை. ஒன்றரை வருஷம் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார், அதுவும் மிளகாய்க் கடை மாடியில்.

கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பையில் போட்டுக்கொண்டால் மற்றவர்கள் எப்படி ஆடுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்கிடாதீங்க மதினி. இனிமே ஒரு வீட்டுக்கு ஒரு சேர்னு வச்சுக்கிடுவோம்."

எந்தச் சேர் என்று அவர் சொல்லவில்லை. மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் கணவரைப் பார்த்தேன்.

"அதுக்கென்ன, அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா," என்றார் அவர்.

ஃபுல் ஹவுஸைப் போட்ட அதே சிரிப்போடு என் இடத்தையும் போட்டுவிட்டார். தப்பு செய்தவர் அவர், வெளியே போக வேண்டியவள் நான், அதற்குச் சம்மதம் சொல்கிறவரும் அவர்.

நான் எழுந்திருக்கவில்லை. "விட்டுக்குடுத்தது அவரு," என்றேன். "நான் அவருக்கு ஒரு தடவையாவது விட்டுக்குடுத்திருக்கேனா? யார் எழுந்திரிக்கணும்?"

கடைக்காரர் சீட்டுக்கட்டைத் தட்டி அடுக்கினார். ஆடிட்டர்தான் சொன்னார்: "ஒரு தடவை கூட இல்லை. நான் பார்த்துண்டுதானே இருக்கேன்."

கணவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் ஜெயித்தால் சந்தோஷப்படுவேன் என்றுதான் அப்படிச் செய்ததாக முணுமுணுத்தார். அது உண்மை என்பது எனக்குத் தெரியும். உண்மையாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல். எழுந்துபோய் மாடிப்படி அருகே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஆட்டத்தில் அவர் கட்டி எனக்கு வந்த பணத்தை எடுத்து மூட்டைமேல் வைத்துவிட்டு வந்தேன். சீட்டுப் போட்டார்கள். எனக்கு இரண்டு ராணி. கடைக்காரர் பெரிதாகக் கட்டினார், நான் கடைசிவரை கூடவே கட்டினேன். அவர் திருப்பிக் காட்டியது இரண்டு ஏஸ், என் ராணிகளைவிடப் பெரியது. நானூற்று இருபது ரூபாய். மதினி என்றுகூடச் சொல்லாமல் இரண்டு கையாலும் வழித்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் ஜெயித்ததில் எது நானாக ஜெயித்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நானூற்று இருபது ரூபாயை நான்தான் தோற்றேன்.