சன்னலில் பாடும் ரேடியோ

வீட்டு உரிமத்தில் வாங்கிய ரேடியோவைக் கடை வாடிக்கையாளர்களுக்காகப் பாடவிடக் கூடாது. அதற்குத் தனி உரிமம் வேண்டும். பழனிக்குப் போகும் வழியில், 1962 ஐப்பசியில், திண்டுக்கல்லில் ஓர் இரவு தங்குகிறேன். பாழடைந்த தோல் கிடங்குகள் நின்ற தெரு இது. முன்பு நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் இன்று சலவைச் சட்டையும் மல்லிகையுமாக ஊரே உலவுகிறது. குழல்விளக்கின் நீலத்தில் முகங்கள் நீருக்கடியில் மிதக்கின்றன. பாட்டு எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை.

காப்பிக்கடை சூசை, கடைக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டுச் சன்னலைக் காட்டுகிறார்.

“ரேடியோ வீட்டுலதான் சார் பாடுது. சன்னல் தொறந்திருந்தா நான் என்ன செய்ய?”

விதியை இவ்வளவு மரியாதையாக மீறியவரை என் சர்க்கார் உத்தியோக காலத்தில் பார்த்ததில்லை.

“ஆனா ஆபீசரு வந்து பெட்டியத் தூக்கிட்டா இம்புட்டுச் சனமும் வராது. கடையும் போச்சு. உரிமத்துக்கு எழுதிப்போட்டு வருசமாச்சு, பதிலே காணோம்.”

“யாருக்கு எழுதினீங்க?”

“தெருவுக்கு லைட்டு போட்ட ஆபீசுக்குத்தான். வேற யாரத் தெரியும்?”

“ரேடியோவுக்குத் தபாலாபீஸ்ல கேக்கணும்.”

“சம்பந்தமில்லைன்னு அவுக ஒரு வார்த்தை சொல்லலாம்ல சார்?”

“அதைச் சொல்றதுக்கும் ஒரு கோப்பு திறக்கணும்யா.”

சூசை சிரித்தபடி மேசையைத் துடைத்துத் தருகிறார். புதுப் பாட்டு தொடங்குகிறது. தெரு மெல்ல அசைகிறது. நான் அவருக்காகத் தபாலாபீசுக்கு விண்ணப்பம் எழுதுகிறேன்.

பிற்பாடு சேர்த்தது: தபாலாபீஸ் உரிமம் அந்த மாதமே கிடைத்து, ரேடியோ கடைக்குள் வந்துவிட்டதாம். லைட்டு ஆபீசும் தனக்கு ஆட்சேபணை இல்லையென்று பதில் போட்டிருக்கிறது. அது சூசையின் கைக்கு வந்த தேதி: 1964 மார்ச் 9.