உப்பு பாத்துக்கங்க

கல்யாணத்துக்குச் சமைக்கப் போகும் பண்டாரிகளில் அதட்டத் தெரியாத ஒரே ஆள் என் அத்தாவாகத்தான் இருக்கும். மங்கலம்பேட்டையிலிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். எந்த வேலையையும் இன்னாருக்கு என்று பிரித்துச் சொல்ல மாட்டார். அடுப்புகளைச் சுற்றி வந்தபடி, "உப்பு பாத்துக்கங்கப்பா" என்பார். யார் பார்ப்பது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அரிசிக்கு ஆலாய்ப் பறந்த அறுபதுகளில், சிதம்பரத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். இது நல்லபடியாக முடிந்தால் அதே தெருவில் இன்னும் இரண்டு கல்யாணம் அத்தாவுக்குத்தான் என்று பேச்சு. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன்.

சோற்றுக்கு ஊற்றும் தாளிச்சாக் குழம்பு கொதிக்கும்போது அத்தா வழக்கம்போல் உப்பு பார்க்கச் சொன்னார். ருசி பார்ப்பதும் உப்பு பார்ப்பதுதான், பார்த்துப் போடுவதும் உப்பு பார்ப்பதுதான். இரண்டு பேர் ஆளுக்கொரு கை போட்டார்கள். மூன்றாவதாக வந்த மாமா, அம்மாவின் தம்பி, நாக்கில்கூட வைத்துப் பார்க்காமல் இரண்டு கை அள்ளிப் போட்டார். நான் கண்ணால் பார்த்தேன்.

பெண்ணின் தகப்பனார் வந்து ஒரு வாய் வைத்தார், துப்பினார்.

"யாருய்யா உப்பு போட்டது?"

"நாந்தாங்க. பந்திக்குள்ள சரி பண்ணிடுறேன்," என்றார் அத்தா. சொல்லும்போதே இன்னொரு அண்டாவில் பருப்பை ஏற்றச் சொல்லிக் கை காட்டிவிட்டார்.

பெண்ணின் தகப்பனார் விடவில்லை. வாயில் வந்தபடி பேசினார். உப்பைத் தொடாத மனுஷர் திட்டு வாங்குகிறார், போட்டவரோ குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தா இல்ல! மாமாதான் ரெண்டு கை போட்டாரு!" என்று கத்தினேன்.

அத்தனை பேரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் வரேன் மச்சான்," என்று சொல்லிவிட்டுப் பந்தலைத் தாண்டிப் போய்விட்டார்.

பருப்பும் கத்திரிக்காயும் சேர்த்துத் தாளிச்சாவை அத்தா எப்படியோ தேற்றினார். பந்தி குறையில்லாமல் நடந்தது. அந்த இரண்டு கல்யாணங்களும் கிடைத்தன. மாமாதான் வரவில்லை, குறிஞ்சிப்பாடியில் வேறொரு பண்டாரியிடம் சேர்ந்துவிட்டார். ஆளுக்கொரு கை போட்ட மற்ற இருவரும் ஒரே மாதத்தில் அங்கேயே போனார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அத்தா மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்ட பெருமையில் வந்தேன். ஊர் வரும்வரை அவர் என் பக்கம் ஏன் திரும்பவே இல்லை என்று எனக்கு விளங்கவில்லை.