பத்தாவது சேனல்

போன வாரம் புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே முடி வெட்டிக்கொண்டு எழும்போது, கடைக்காரர் பவுடரைப் பஞ்சில் தொட்டுப் பிடரியில் ஒத்தினார். நான் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டேன். பவுடர் வாசனைக்குத் தலையை இழுத்துக்கொள்ளும் ஆள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "என்ன சார், கத்தி கித்தி பட்டுருச்சா?" என்று அவர் பதறிப்போனார். "இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். இலுப்பூர் பஸ் இரண்டு போயின. ஏறவில்லை.

உங்களிடம் சொல்ல என்ன. அந்த வாசனை சகாயம் அண்ணன் விரலில் இருந்து வருவது. அவர் வயலின்காரர். வயலின்காரருக்குப் பவுடர் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் முதல் நாள் கேட்டேன், கல்யாண வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களாண்ணே என்று கேலி வேறு செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே பத்து விரலையும் பவுடரில் ஒத்தி எடுத்தார்.

அப்போது நான் இலுப்பூரில் ஒரு விதைக்கடை மாடியில் ரெக்கார்டிங் அறை வைத்திருந்தேன். அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சுவரெல்லாம் முட்டை அட்டை, ஒரு மைக், ஒரு பழைய லேப்டாப். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும் என்பதால் நாற்காலி மூன்றும் வேர்வையில் ஊறியவை. கீழே இருந்து பூச்சி மருந்து வாடை படியேறி வரும். பாட வருகிறவர்கள் முதலில் இருமிவிட்டுத்தான் பாடுவார்கள். கடைத் திறப்பு விளம்பரம், திருவிழா விளம்பரம், எப்போதாவது ஒரு பக்திப் பாட்டு, இவ்வளவுதான் தொழில். ஆனால் என் நினைப்பு வேறாக இருந்தது. திருச்சியில் ஆறு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு வந்தவன், எனக்குத் தெரியாதது எதையும் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயது. அந்த வயதில் சிலருக்குக் காதல் வரும், எனக்கு இது வந்தது.

எங்கள் பக்கத்தில் கொள்ளு அறுத்தால் செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிடும், அடிக்கிற கூலி மிச்சம். விராலிமலையில் ஒரு கச்சேரி முடித்துவிட்டுத் திரும்பி வந்த சகாயம் அண்ணனின் வண்டிச் சக்கரத்தில் அந்தச் செடி சுற்றிக்கொண்டது. வயலின் பெட்டியைக் கீழே விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தாராம். வயலினுக்கு ஒரு கீறல் இல்லை. இடது மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள்.

எலும்பு கூடிவிட்டது. விரல்களும் பழையபடி ஓடின. ஆனால் உள்ளங்கையைத் தன் முகத்துப் பக்கம் திருப்ப முடியவில்லை. வயலின் பிடிக்க அந்தத் திருப்பம்தான் வேண்டும். அண்ணனின் மைத்துனர் சிங்கப்பூரில் இருந்தார். அவர்தான் எங்கேயோ பார்த்து, மேசையில் படுக்க வைத்து வாசிக்கிற ஒரு ரப்பர் கீபோர்டு வாங்கி அனுப்பினார். கறுப்பாக, மெத்தென்று, அலை அலையாக இருக்கும். சாதாரணக் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சுரம் வரும், அத்தோடு சரி. இதில் அழுத்திய விரலை அசைத்தால் சுரமும் அசையும், இழுத்தால் வழுக்கும், அமுக்கினால் பெருகும். வேர்த்த விரல் ரப்பரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் பவுடர்.

அண்ணன் வாசித்துக்கொண்டிருந்த குழுவின் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு ஆறு பாட்டு பதிவு செய்ய ஒத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் அறைக்கே வந்து அண்ணனிடம் நேராகச் சொன்னார்.

"சகாயம், இருவது வருசம் எங்கூட வாசிச்சவன் நீ. பத்து நாள் தாரேன். இந்தப் பலகையில ஒன் வயலினைக் கொண்டா. மேல பாட்டு ஓடணும், கீழ அடிக்கம்பியில ஒரே சுரம் ஆடாம நிக்கணும், ஒன் வாசிப்பு அதானே. வரலைன்னா திருச்சியிலேருந்து ஆளு வரச் சொல்லிருவேன். வருத்தப்படக்கூடாது."

அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி இருக்கான் மாஸ்டர். வந்துரும்" என்றார்.

அன்றைக்கு மாஸ்டர் போன பிறகு அண்ணி ரெஜினா, அண்ணனுக்குக் கேட்காமல் மாடிப்படியில் வைத்து என்னிடம் சொன்னார். "இவரு வீட்டுல சும்மா ஒக்காந்தா செத்துருவாரு தம்பி. எனக்கு வேற எதுவும் வேணாம். அந்தக் குழுவுல இவருக்கு ஒரு நாக்காலி இருந்தாப் போதும்." எனக்கு அதைக் கேட்டுப் பயம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் என்னை நம்பிச் சொல்கிறாரே என்று பெருமையாக இருந்தது.

முதல் நாளே இடித்தது. அண்ணன் இடது விரலால் கீழே பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு, வலது விரலால் மேலே ஒரு கமகம் அசைத்தார். பஞ்சமமும் சேர்ந்து ஆடியது. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிற மாதிரி மொத்தமும் ஆடியது. அண்ணிக்குச் சங்கீதம் தெரியாது. அவரே கேட்டுவிட்டார்: "ஏன் தம்பி, ரெண்டும் சேந்து ஆடுது?"

காரணம் எளிது. அந்தப் பலகை ஒவ்வொரு விரலையும் ஒரு தனி சேனலில் அனுப்பும். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்கிற மொழிக்கு மிடி என்று பெயர், அதில் மொத்தம் பதினாறு சேனல். முதலாவது பொதுவுக்கு, மீதி பதினைந்தும் விரல்களுக்கு, ஒவ்வொரு தொடுதலுக்கும் அடுத்த சேனல் என்று முறை வைத்து. சாஃப்ட்வேர் அதைப் பிரித்து வாங்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். என்னுடையதற்குத் தெரியாது. எல்லா விரலையும் ஒரே சட்டியில் கொட்டிவிடும்.

பிரித்து வாங்கத் தெரிந்த வேறு சாஃப்ட்வேர்கள் அப்போதே இருந்தன. ஒன்றை இறக்கினேன். போனில் இருந்த டேட்டா தினமும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும், மறுநாள் விட்ட இடத்தில் தொடரும், மூன்று நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலையில் திறந்தேன். பலகையின் பெயரை அதுவே கண்டுபிடித்துக்கொண்டது. அண்ணன் கைவைத்தார். கீழே பஞ்சமம் அசையாமல் நின்றது. மேலே பாட்டு தனியாக இழைந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் ஒவ்வொரு வரிக்கும் பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "தம்பி, ஒன் காதுக்கு எப்படி இருக்கு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா லேப்டாப்பு தாங்காது" என்றேன். அது பொய் இல்லை, லேப்டாப் கொஞ்சம் இரைந்தது. ஆனால் உண்மையும் இல்லை. அந்தப் புதிய சாஃப்ட்வேரில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பதிவு பட்டன் எங்கே என்று தேடினேன், மாஸ்டர் கொடுத்திருந்த தாளக் கோப்பை எப்படிச் சேர்ப்பது என்று தேடினேன். பத்தாம் நாள் மாஸ்டர் முன்னால் மவுஸைப் பிடித்துக்கொண்டு அப்படித் தேடுகிற என்னை நானே நினைத்துப் பார்த்தேன். கூசியது. மூடிவிட்டேன்.

என் பழைய சாஃப்ட்வேரிலேயே ஒரு வழி செய்தேன். பதினைந்து டிராக் போட்டு, ஒவ்வொன்றிலும் அதே வயலின் ஒலியை வைத்து, ஒவ்வொரு சேனலையும் ஒவ்வொரு டிராக்குக்குத் திருப்பிவிட்டேன். இரண்டு பகல் பிடித்த வேலை. வந்துவிட்டது! விரலை இழுக்கும்போது வருகிற வழுக்கல் மட்டும் முதலில் ச-வில் கிளம்பி ரி-யைத் தாண்டாமல் நின்றது, சாஃப்ட்வேரில் ஓர் எண்ணிக்கையை மாற்றியதும் அதுவும் சரியாயிற்று. எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் அண்ணன் ஆறு பாட்டையும் தாளம் இல்லாமல் வாசித்துப் பழகினார். ஒரு பிசிறு இல்லை. என் காலை நானே தொட்டுக் கும்பிடாத குறை.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு மாஸ்டர் வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கு நான் அவருடைய தாளக் கோப்பைச் சேர்த்தேன். இங்கேதான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பத்தாவது சேனல் தாளத்துக்கு. கீபோர்டு வாசிக்கிற யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பாட்டு மாறும், ஊர் மாறும், பத்து மாறாது. என் கை, என்னைக் கேட்காமலே, பத்தாவதில் இருந்த வயலினை எடுத்துவிட்டு டிரம்மை வைத்தது. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

மாஸ்டர் வந்தார். மின்விசிறியை நிறுத்தினேன். மாதா மடியில் மகனைக் கிடத்தி அழுகிற பாட்டு, மெதுவான பாட்டு. அண்ணன் பவுடரைத் தட்டிக்கொண்டு தொடங்கினார். இரண்டு வரி போவதற்குள் மாஸ்டர் கண்ணை மூடிவிட்டார். அண்ணி வாசல் பக்கம் நின்று ஜெபமாலையைப் பிடித்திருந்தார். மூன்றாவது வரியில், அண்ணன் விரல் வைத்த இடத்தில் சுரம் விழவில்லை, 'டம்' என்று ஒரு டிரம் விழுந்தது.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். அண்ணன் நிறுத்தாமல் வாசித்தார். அவருக்கு வேர்த்தது. பத்துப் பதினைந்து தொடுதல் நன்றாகப் போகும், முறை சுற்றி வந்ததும் அழுகைக்கு நடுவில் மறுபடி ஒரு 'டம்'. மூன்றாவது தடவை விழுந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. திரையில் பத்தாவது சேனலின் டிராக்கைப் பார்த்தேன். அதில் வயலின் இல்லை, டிரம் இருந்தது.

"என்னப்பா இது, எளவு வீட்டுல கொட்டு அடிக்கிற மாதிரி?" என்றார் மாஸ்டர்.

'நான் செய்த தப்பு' என்று வாயைத் திறந்து சொல்ல மூன்று சொல் போதும். அதை விட்டுவிட்டு வேறு சொன்னேன்: "பலகை ஓரத்துல பட்டா அப்புடி விழும் மாஸ்டர். அண்ணனுக்குக் கை தவறிப் பட்டுருச்சு."

அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் கை தவறவில்லை என்று அவருக்குத் தெரியும். மாஸ்டர் அவருடைய மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தார்.

"கை இன்னும் நிதானத்துக்கு வரலை போல சகாயம். ஒடம்பைப் பாத்துக்க. இந்தத் தடவை திருச்சி ஆளை வச்சு முடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அண்ணன் "சரி மாஸ்டர்" என்றார்.

மறுநாள் அந்தப் புதிய சாஃப்ட்வேரை உட்கார்ந்து படித்தேன். பதிவு பட்டன் கண்ணெதிரேதான் இருந்தது. தாளம் சேர்க்க அரை மணி நேரம் கூட ஆகவில்லை. பலகையை எடுத்துப்போக வந்த அண்ணனிடம், "இதுல ஒருதடவ வாசிச்சுப் பாக்குறீங்களாண்ணே? மாஸ்டர்கிட்ட மறுபடி பேசுவோம்" என்று கேட்டேன். அப்போதும் நடந்ததைச் சொல்லவில்லை பாருங்கள். "இருக்கட்டும் தம்பி, வாரேன்" என்று பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். என் காதுக்கு எப்படி இருக்கிறது என்று அதன் பிறகு அவர் கேட்டதே இல்லை.

இப்போது திருச்சியில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. பலகையை மைத்துனரிடமே திருப்பி அனுப்பிவிட்டார். கிறிஸ்துமஸுக்குப் பேசுவோம், பாட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். என்னிடம் இன்றைக்கு யாராவது இந்த மாதிரி கீபோர்டுக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று கேட்டால், எதை வாங்கினாலும் பரவாயில்லை என்கிறேன். இலவசமாகக் கிடைப்பது கூட விரலைப் பிரித்து வாங்கிக்கொள்கிறது. நான் அன்றைக்குப் பதினைந்து டிராக்கில் பட்ட பாடு இப்போது யாருக்கும் புரியக்கூடப் புரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸ் அன்று காலையில், போனில் சொல்லிவிட்டேன். பத்தாவது சேனல், என் கை, என் வாய், எல்லாம். அண்ணனுக்குப் பின்னால் துணிக்கடைக் கூட்டம் இரைந்தது.

"தெரியும் தம்பி" என்றார். "அன்னைக்கே தெரியும். மாஸ்டர் கீழ எறங்குற வரைக்கும் பாத்தேன், நீ அவரைக் கூப்புட்டுச் சொல்லுவேன்னு."

விதைக்கடையைச் சாலை அகலப்படுத்தும்போது இடித்துவிட்டார்கள். அந்த மாடிக்குப் பதினேழு படி இருந்தது. மாஸ்டர் முழங்கால் வலிக்காரர். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான் இறங்கினார்.