கங்காணி இழுத்து நிமிர்த்திய பாலம்

என் அப்பா யாக்கோபு, குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே சொல்: ஸ்லாக். துரை வாயிலிருந்து பொறுக்கியது. கொழுந்து எடுக்கும் பெண் நிமிர்ந்து முதுகைத் தேய்த்தால் ஸ்லாக். அம்மா காய்ச்சலில் படுத்தால் அதுவும் ஸ்லாக். துணி காயும் கொடி தொய்ந்தால் அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார்.

பாலிடெக்னிக்கில் சிவில் படித்தபோது அகராதியில் தேடினேன். பழைய இங்கிலீஷில் அது மனிதரைக் குறித்த சொல்: சோம்பலானவன், அக்கறையற்றவன். கயிற்றின் தொய்வுக்கு வந்தது பிறகு. தளர்ந்தது என்ற பொருளுள்ள லத்தீன் சொல் ஒன்று அதற்கு உறவு. நிலக்கரித் தூளுக்கும் ஸ்லாக் என்று பெயர். அது வேறு வேர். லீவில் வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"கரித்தூளா? பீஸ் கட்டி இதத்தான் படிச்சியாட்டி?"

எழுபத்து நாலில் கம்பெனி டைரக்டர் வருவதாகச் சேதி. பெரிய துரை வந்தால் தோட்டத்தில் வேலை நடக்காது. வழியோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்படிப்பு நடக்கும். அப்பாவின் கண் ஓடைமேல் இருந்த கம்பித் தொங்குபாலத்தில் விழுந்தது. நடுவில் தொய்ந்திருந்தது. தொங்குபாலம் அப்படித்தான் இருக்கும்.

"வெக்கக்கேடு. இழுத்து நிமித்துங்கலே."

"வேண்டாம்ப்பா. தொய்வு குறைஞ்சா கம்பியில இழுவை ஏறும். கரையில உள்ள பிடிமானம் பிடுங்கிரும்."

"கேட்டியா அமிர்தம்? எம் மக ஸ்லாக்குக்கு வக்காலத்து வாங்குதா."

அமிர்தநாதன் தோட்டத்தின் கம்பி வேலைக்காரர். அப்பாவிடம் தினமும் அந்தப் பட்டம் வாங்குகிறவர்.

"புஷ்பம் சொல்லுதது சரிதான கங்காணி."

"நீ பேசாத. நீயே ஒரு ஸ்லாக்கு."

ஆட்கள் கம்பியை முறுக்கி இறுக்கினார்கள். பாலம் பலகைபோல் நிமிர்ந்தது. துரைமார் நடக்குமுன் தானே நடந்து காட்டுவதாக அப்பா ஏறினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு துரை நடை. நடுவில் நின்று எங்களைப் பார்த்துக் காலால் ஓங்கி ஒரு மிதி.

"எங்கலே ஸ்லாக்கு?"

அக்கரைப் பிடிமானம் மண்ணோடு வெளியே வந்தது. கீழே ஓடையில் தண்ணீரில்லை, பாறைதான்.

டைரக்டர் வேறு வழியாக வந்து டீ குடித்துவிட்டுப் போனார். பாலம் எப்படி விழுந்தது என்று அவர் கேட்டதற்கு, எங்கள் துரை தோளைக் குலுக்கி, கங்காணி கொஞ்சம் ஸ்லாக் என்றாராம். அந்த வாய் மெச்சத்தான் செத்தீர்கள், அப்பா.

கல்லறையில் பெட்டியை இறக்கும்போது தலைமாட்டுக் கயிறு அமிர்தநாதன் கையில் இருந்தது. எதிரே நின்றவன் அழுதுகொண்டே கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தான். பெட்டி ஒருபுறமாய்ச் சாய்ந்தது.

"இறுக்காதலே," என்றார் அமிர்தநாதன். "விட்டுக் குடு. இன்னும் விடு. கங்காணி மெதுவாப் போகட்டும்."