மீட்டரம்மா வாங்கிய முதல் வீடு

மீட்டரம்மாவுக்கு அந்தப் பேர் வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. இருபத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். யார் வீட்டில் ஏசி ஓடுகிறது, யார் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கையில், ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடவேண்டும் என்ற ஆசை வந்து அவரைப் பிடித்து ஆட்டியது. "இத்தனை வருஷம் பாத்த வீட்டுல ஒண்ணாவது என்னோடதா ஆகணும்" என்றார்.

"அப்போ நான் ஓட்டுற வேனும் என்னோடதுதானா?" என்றார் பள்ளி வேன் ஓட்டும் கணவர்.

"நீங்க ரோட்டைப் பாத்தீங்க. நான் வீட்டைப் பாத்தேன். வித்தியாசம் இருக்குல்ல?"

ஆனாலும் அவர் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இறங்கவில்லை. லீவு நாளெல்லாம் ஒரு வீட்டு புரோக்கரோடு அலைந்தார். இடுப்பில் எப்போதும் சாவிகள் தொங்கும் அந்த ஆளுக்குச் சாவிக்கொத்து என்று பேர் வைத்ததும் அவரே. புதுப் பெயிண்ட் அடித்த சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும், மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும், மழை பெய்யும்போது மொட்டை மாடிக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். பழக்க தோஷம் மட்டும் போகவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் முதலில் மீட்டருக்குத்தான் போகும்.

"அக்கா, வீட்டைப் பாருங்க! கணக்கெடுக்கவா வந்தோம்?" என்று சாவிக்கொத்து தலையில் அடித்துக்கொள்வார்.

கடைசியில் ஒரு மாடி வீடு அமைந்தது. மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம். பத்திரம் சுத்தம், சுவர் கெட்டி, குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சியடித்தது. மோட்டாருக்குத் தனி மீட்டர். போன தடவை கணக்கெடுத்து ஒன்றரை மாதமாகியும் நாலே யூனிட்தான் ஏறியிருந்தது. மீட்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எவ்வளவு சிக்கனமான மனுஷங்க பாருங்க! இப்படிப்பட்ட குடித்தனக்காரங்க தவம் கெடந்தாலும் கெடைக்க மாட்டாங்க" என்று கணவரிடம் பீற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒப்பந்தம். இத்தனை வருஷச் சேமிப்பு மொத்தமும் இந்த ஒரு வீட்டில்தான் போகப் போகிறது. தவறினால் இன்னொரு தடவை கிடையாது.

புதன்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனார். ஒரு வீட்டு அம்மாள் மீட்டர் அட்டையை நீட்டிச் சண்டைக்கு வந்தாள். "என்னம்மா இது, மோட்டாருக்கு மட்டும் இவ்வளவா?"

"தண்ணி என்ன, தானா மாடி ஏறுமா? மோட்டார் ஓடினாத்தானே ஏறும்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவருக்கே உறைத்தது. நாலு யூனிட்! அந்த வீட்டுத் தண்ணீர் மட்டும் எப்படி மாடி ஏறியது?

வேலை முடிந்ததும் நேரே அங்கே ஓடினார். கீழ் வீட்டுப் பெண் உண்மையை மறைக்கவில்லை. "போர் வத்தி ஒரு வருஷமாச்சுக்கா. லாரித் தண்ணியத்தான் நேரா மாடித் தொட்டிக்கு ஏத்துறாங்க, மோட்டாரே போடுறதில்ல. நீங்க வந்த அன்னைக்குக் காலையில ரெண்டு லாரி வந்துச்சு."

இருபத்தாறு வருஷ அனுபவசாலியின் காதில் பூவைச் சுற்றியிருக்கிறார்கள்! அவமானத்தில் முகம் சிவந்தது. ஆனால் உட்கார்ந்து அழும் ரகமில்லை அவர். அந்தத் தெருவில் காம்பவுண்டு காம்பவுண்டாக நடந்து மோட்டார் மீட்டர்களைப் பார்த்தார். இடது பக்கத்து வீட்டில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வலது பக்கத்திலும், எதிர் வீட்டிலும் யூனிட் நன்றாகவே ஏறியிருந்தது. பூமியில் தண்ணீர் இருக்கிறது. இந்த வீட்டுப் பழைய போர்தான் தூர்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை வீட்டை விற்கும் வீட்டுக்காரர் பேனாவை நீட்டினார். மீட்டரம்மா வாங்கவில்லை. "புது போர் போட்டுக் குடுங்க. தண்ணி வந்த அன்னைக்குக் கையெழுத்து."

"என்னம்மா பேசறீங்க? இந்த வீட்டுக்கு ஆயிரம் பேர் நிக்கறாங்க."

"நிக்கட்டும். மோட்டார் மீட்டரைப் பாத்துட்டு வாங்கச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, போர் போடும் ஆளுக்குப் போன் போட்டார். சாவிக்கொத்து தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் புது போரில் தண்ணீர் வந்தது. அன்றைக்கே கையெழுத்தும் ஆனது.

இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் புதுப் பெண்ணொருத்தி வந்தாள். மீட்டரம்மாவும் கணவரும் அங்கேதான் இருந்தார்கள். "ஓனரம்மா, மோட்டாருக்கு இந்தத் தடவை ரொம்ப எகிறிடுச்சே. கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றாள்.

கணவர் பதறிப்போனார். மீட்டரம்மா சுழலும் சக்கரத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். மேலே குழாயடியில் யாரோ துணி அலசும் சத்தம் கேட்டது.

"ஓடட்டும்மா," என்றார். "நீ நல்லாப் பாத்து எழுது."