பஞ்சநாதன் துடைத்த கீழ் ஈறு

காரைக்காலில் மேரி என்று எல்லோரும் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் பஞ்சநாதனுக்குச் சேவகர் வேலை. ஆறடி ஆள். பிரெஞ்சுக்கார அதிகாரி மணியடித்தாலும் அவசரப்படாமல் நடந்து போகிறவர். கோயில் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதும் அவர்தான். ஒரு நொடி பிசகினால் கால் கூழாகிவிடும் வேலை அது. சிரித்துக்கொண்டே செய்வார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு பல்லுக்குப் பயந்தார். அதுவும் இன்னும் முளைக்காத பல்லுக்கு.

தங்கை ராசாத்தியை அம்பகரத்தூரில் சண்முகசுந்தரத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். தலைச்சன் பிள்ளை செல்லையன் எச்சில் ஒழுக, கையில் சிக்கியதையெல்லாம் கடிக்கத் தொடங்கியதும், பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்கக் கூடாதா? "கீழ்ப்பல்லு மொதல்ல வரணும். மேல்பல்லு முந்திக்கிட்டா தாய்மாமனுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்லையனுக்குத் தாய்மாமன் அவர் ஒருவர்தான். ஆபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு தம்பிகூடக் கிடையாது.

மறுநாளே ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் போய், யாருக்கோ கேட்பதுபோல் விசாரித்தார்.

"பல்லு வர்றப்ப வரும். பால் குடிச்சப்புறம் வெந்நியில அலசின மெல்லிசு துணிய வெரல்ல சுத்தி, மேல் ஈறு கீழ் ஈறு ரெண்டையும் மெதுவா தொடைக்கச் சொல்லுங்க" என்றாள் அந்த அம்மாள்.

பஞ்சநாதன் அதில் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். தண்ணீர் பாய்ச்சின வயலில்தானே பயிர் முந்தும்? கீழ் ஈறை மட்டும் துடைத்தால் கீழ்ப்பல் முந்திவிடாதா? பழைய வேட்டியைக் கொதிக்க வைத்துக் கிழித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் தினமும் அம்பகரத்தூர் பஸ். கை கழுவி, துணி சுற்றி, கீழ் ஈறைச் சாமி விக்கிரகத்தைத் துடைப்பதுபோல் துடைப்பார். ராசாத்தி மேல் ஈறில் கை வைத்தால் போச்சு.

"மேல தொடாத புள்ள! தூங்குறதத் தட்டி எழுப்பாத!"

செல்லையனுக்கு இது பிடித்துப்போனது. மாமன் தலை தெரிந்தாலே வாயைத் திறந்துகொள்வான். வேறு யார் விரலை நீட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வான். துடைத்து முடித்தபின் பஞ்சநாதன் அங்கேயே சாப்பிட உட்காருவார். இருக்கிறவரை சாப்பிட்டுக்கொள்வோம் என்று நினைத்தாரோ என்னவோ, வயிற்றுக்கு வஞ்சனை செய்ததில்லை.

ஒருநாள் போனபோது பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. காலையிலிருந்து பாலே குடிக்கவில்லையாம். மார்பில் வாய் வைத்ததும் முதுகை வளைத்துக்கொண்டு கத்துகிறதாம். ராசாத்தி அழுது முகம் வீங்கிப்போயிருந்தாள்.

"மேல் ஈறுதான் செவந்திருக்குன்னு நெனைக்கிறேன் மச்சான்" என்றான் சண்முகசுந்தரம். "நாங்க தொட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறான். நீங்க பாருங்க."

"மேலயா?" பஞ்சநாதன் ஓரடி பின்வாங்கினார். பார்க்காதவரை அங்கே ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கு. ஆனால் அவரைக் கண்டதும் அழுகைக்கு நடுவிலேயே செல்லையன் வாயைத் திறந்துவிட்டான். அதற்கு மேல் எப்படி ஓடுவது? கண்ணை மூடிக்கொண்டு மேலுதட்டைத் தூக்கினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். ஈறில் பால் படிந்து அழுக்கேறிப் புண்ணாகியிருந்தது. நடுவில் நொய்யரிசி அளவுக்கு ஒரு பல்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ராசாத்தி, வந்துருச்சு."

"அது வந்து ரெண்டு வாரம் ஆச்சுண்ணே" என்றாள் ராசாத்தி மெல்ல. "கொட்டாவி விடும்போது பாத்தேன். சொன்னா இந்தப் பக்கமே வரமாட்டீங்கன்னு சொல்லல."

"ரெண்டு வாரமா எமன் இந்த வீட்டுலயா இருக்கான்?"

"முந்தாநேத்து வெரால் கொழம்புக்கு மூணு தடவ சோறு வாங்குனீங்களே, அதுவும் பல்லு வந்தப்புறந்தான்."

சண்முகசுந்தரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அந்தத் துக்கத்திலும் அவன் தோள் குலுங்கியது. பஞ்சநாதன் தம்மையே குனிந்து பார்த்துக்கொண்டார். வயிற்றுக்கு நேரே சட்டைப் பொத்தான் தெறிக்கக் காத்திருந்தது. சாகிற ஆளின் வயிறாகத் தெரியவில்லை. பிள்ளை மறுபடி வீறிட்டது. அவர் சட்டென்று எழுந்தார்.

"எம் உசுரப் பாத்துக்கிட்டு இவன் வாயப் புண்ணாக்கிட்டனே. வெந்நி கொண்டா" என்றார்.

புதுத் துணியைச் சுற்றி, மேல் ஈறைப் பூப்போல ஒற்றி ஒற்றித் துடைத்தார். படிந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. செல்லையன் முதலில் சிணுங்கினான், பிறகு அடங்கினான், பிறகு நறுக்கென்று கடித்தான்.

"யாத்தாடி!" சத்தம் பஸ் நிற்கும் இடம்வரை கேட்டிருக்கும்.

"வெரல எடுங்கண்ணே!"

"சும்மா இரு. கடிச்சுட்டு இப்ப சப்புறான் பாரு. பசி வந்துருச்சு. மடியில வாங்கு, சீக்கிரம்!"

பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். விரல் விண்விண்ணென்று தெறித்தது. அறையில் சத்தமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"குடிக்கிறானா?"

"குடிக்கிறாண்ணே."

சுவரைப் பார்த்தபடியே அந்த ஆறடி ஆள் ஓவென்று அழுதார்.